வராத அம்மனுக்கு வேப்பிலை

விஷ ஜுரம் ஊரைச் சுற்றிய அந்த வருஷம் நான் செத்திருந்தால் ஜுரத்தால் செத்திருக்க மாட்டேன், அலுப்பால்தான் செத்திருப்பேன். இதை இப்போது சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஊரே எழவு வீடாகக் கிடந்தபோது உனக்கு என்ன அலுப்பு என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் யாரும் தாளிக்காத பருப்பை ஒரு மழைக்காலம் முழுக்கத் தின்று பார்த்தவர்கள் அல்ல.

குமணன்சாவடியில் பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற தெருவில் எங்கள் வீடு. எனக்குக் கல்யாணமாகி அது இரண்டாவது வருஷம். வீட்டில் நாங்கள் நாலு பேர்: மாமியார், என் வீட்டுக்காரர், நான், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த என் நாத்தனார். மாமனார் காலமாகி வெகு நாளாகியிருந்தது. கொல்லைக்குப் பின்னாலேயே நிலம். நெல்லும் கொஞ்சம் கத்தரியும் போட்டிருந்தோம். வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டார், மாமியார் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டார்.

வெள்ளைக்காரனின் பெரிய சண்டை முடியப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த சமயம். பட்டணத்துக்குக் காய்கறி ஏற்றிப்போன வண்டிக்காரர்கள் திரும்பி வரும்போது ஜுரக்கதை கொண்டுவந்தார்கள். நன்றாக இருந்தவன் படுக்கிறான், இருமுகிறான், போய்விடுகிறான் என்றார்கள். கிழங்களை விட்டுவிட்டு வயசுப்பிள்ளைகளாகப் பார்த்துக் கொண்டுபோகிறது என்றார்கள். மாமியார் அதையெல்லாம் காதில் வாங்கியும் வாங்காமலும் இருந்தார். பிறகு ஒரு நாள் பூந்தமல்லிக்கு ஒரு சாவுக்குப் போனார். செத்தது என் நாத்தனார் வயசே ஆன ஒரு பெண், வயிற்றில் ஏழு மாசம். ஜுரம் இரண்டு உயிரையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

மாமியார் திரும்பி வந்து கிணற்றடியில் தலை முழுகினார். ஈரப்புடவையோடு கொல்லைக்குப் போய், அரிவாளால் வேப்பங்கொத்து ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து தெருவாசல் நிலையில் கட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேப்பிலை கட்டினால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். தெரிந்தவர் தெரியாதவர் யாரும் படி ஏற மாட்டார்கள்.

“யாருக்கு அத்தே முத்து போட்டுகீது?” என்று கேட்டேன்.

“யாருக்கும் இல்ல. கம்முனு உள்ள போ.”

உள்ளே கூட்டிப்போய் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஜுரம் தானாக நடந்து வருவதில்லை, ஆள் மேல் ஏறித்தான் வருகிறது. பட்டணத்துச் சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு கிராமத்துப் பக்கம் கிளம்பிவிட்டார்கள். வந்தவர்களை வராதே என்று சொல்ல முடியுமா? கதவைச் சாத்தினால் ஏழு தலைமுறைக்கும் பேச்சு நிற்காது. வேப்பிலையைப் பார்த்தால் அவர்களே கைகூப்பிவிட்டுத் திரும்பிப் போவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

“இவ நல்லபடியா பெத்து எழுந்திரிக்கற வரிக்கும் இந்த ஊட்டுக்குள்ள ஒரு ஈ வரக்கூடாது” என்று நாத்தனாரின் வயிற்றைக் காட்டிச் சொன்னார். “வலி எடுக்கறதுக்கு முன்னால அவுத்துக்கலாம். தீவாளி தாண்டித்தான ஆவும்.”

கெட்டிக்காரத்தனமான யோசனைதான். அதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன். சிக்கல் என்னவென்றால் மாமியார் கெட்டிக்காரி மட்டுமல்ல, பக்திக்காரியும் கூட.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் குழம்பைக் கூட்டி, தாளிக்கக் கரண்டியை எடுத்தேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேப்பிலை கட்டின வீட்டில் எண்ணெய் காயக்கூடாது. கடுகு வெடிக்கக்கூடாது. அம்மனுக்கு ஆகாது.

“அம்மன்தான் வரலியே அத்தே.”

“வரல. ஆனா அவ பேர சொல்லி வாசல்ல கட்டியாச்சு. அவ பேர்ல பொய் சொல்லிட்டு உள்ள உக்காந்து அப்பளமும் பொரிச்சா அவ சும்மா இருப்பாளா? பொய்ய கூட மரியாதியா செய்யணும்.”

அத்தோடு அக்கம்பக்கத்துக்குத் தாளிப்பு வாசனை போனால் குட்டு உடைந்துவிடும் என்பதும் இருந்தது. ஆக, பக்திக்கும் தந்திரத்துக்கும் நடுவில் என் நாக்கு மாட்டிக்கொண்டது.

தாளிப்பு மட்டுமா? தலைக்கு எண்ணெய் கிடையாது. சீப்பு கிடையாது. பூ கிடையாது. வீட்டுக்காரர் சவரம் செய்யக்கூடாது. துணி அடித்துத் துவைக்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது, வீட்டிலிருந்து உப்போ நெருப்போ மோரோ வெளியே கொடுக்கக்கூடாது. புருஷன் பெண்சாதி தனித்தனிப் பாய். அம்மை போட்ட வீட்டில் இதையெல்லாம் செய்கிறவர்களுக்குக் கவலை இருக்கும், பயம் இருக்கும், செய்வதற்கு ஒரு நோயாளி இருப்பார். எங்கள் வீட்டில் எல்லோரும் குத்துக்கல் மாதிரி இருந்தோம். நோயே இல்லாமல் பத்தியம் மட்டும் இருப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

காலையில் கூழ், மத்தியானம் வெந்த பருப்பு, ராத்திரி மோரும் சோறும். நாத்தனாருக்கு வாய் வத்தக்குழம்புக்கு ஏங்கியது. பிள்ளைத்தாச்சி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பாவம் என்று நான் வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன். மாமியார் அவித்த கத்தரிக்காயை மசித்து உப்புப் போட்டு, இதுதான் வத்தக்குழம்பு என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

மழை வேறு விட்டுவிட்டுப் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது என்று கொல்லை வழியாகச் சேதி வந்தது. மற்ற வருஷமாக இருந்தால் ஊரோடு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருப்போம். நான் தெருப்பக்கத்து ஜன்னலின் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு நாய் நடந்துபோனால் அது வளைவு திரும்பும்வரை பார்ப்பேன். திரும்பி வந்தால் மறுபடியும் பார்ப்பேன். வீட்டுக்காரராவது கொல்லை வழியாக நிலத்துக்குப் போய் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டு வருவார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த பொறாமை, வேறொரு பெண் அவரைப் பார்த்திருந்தால்கூட வந்திருக்காது. மழை நாட்களில் அவரும் உள்ளேதான். வலதுகைக்கும் இடதுகைக்கும் தாயம் ஆடுவார். இடதுகை கள்ளாட்டம் ஆடுவதாக அவரே முறையிடுவார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாத குறை. மாமியார் மூச்சு விடுகிற சத்தம் எனக்கு ஆகவில்லை. நான் பாத்திரம் வைக்கிற சத்தம் அவருக்கு ஆகவில்லை. நாத்தனார் எதற்கெடுத்தாலும் அழுதாள். அதிலும் அவள் புருஷன் வந்துபோன அன்று அழுத அழுகையைக் கேட்கச் சகிக்கவில்லை. அவர் அம்பத்தூரிலிருந்து அவளைப் பார்க்க நடந்தே வந்திருந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வந்த வழியே போனார். இடுக்கு வழியாக நானும் நாத்தனாரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

“ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதாம்மா? எனக்கு முத்து போட்டுகீதுன்னு நெனச்சுகினு போறாரே” என்று நாத்தனார் தேம்பினாள்.

“நெனச்சுக்கட்டும். உசுரோட இருந்தா அப்பறமா சிரிச்சுக்கலாம்” என்றார் மாமியார். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

எதிர்வீட்டு நிலையிலும் நாங்கள் கட்டின கொஞ்ச நாளில் வேப்பிலை ஏறியது. அங்கே கைக்குழந்தை ஒன்று இருந்தது. மாமியாருக்கு அது பெரிய துக்கமாகப் போய்விட்டது. தினமும் விளக்கேற்றும்போது எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி, அந்தப் பச்சை மண்ணை விட்டுவிடு தாயே என்று வேண்டிக்கொள்வார். எங்கள் பொய்யைப் பார்த்துத்தான் அம்மன் தெருவுக்குள் வந்துவிட்டாளோ என்ற பயமும் அவருக்கு உண்டு. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிடுவார்.

தீபாவளிக்கு முன்பே நாத்தனாருக்கு வலி எடுத்துவிட்டது.

காலைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சூட்டு வலியாக இருக்கும் என்று மாமியார் கஷாயம் போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்தது. மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. எங்களுக்கு வழக்கமாக வருகிற மருத்துவச்சி பூந்தமல்லியில் இருந்த ராவுத்தர் வீட்டு அம்மா. என் வீட்டுக்காரரை இந்த உலகத்துக்கு எடுத்துப்போட்டதே அவர்தான். வீட்டுக்காரர் வண்டியைப் பூட்டிக்கொண்டு பறந்தார்.

வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. நாத்தனார் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். வண்டிச்சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் படி ஏறுகிற சத்தம் கேட்கவில்லை. தெருவில் பேச்சுச் சத்தம்தான் கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தேன். வேப்பிலையை அவிழ்க்கவேண்டும் என்பது எங்கள் யாருக்கும் ஞாபகமே வரவில்லை. வலி எடுத்த பதற்றத்தில் அது நிலையில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மருத்துவச்சி அம்மா வண்டியை விட்டு இறங்கி, நாலடி தள்ளி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

“அம்ம போட்ட ஊட்டுக்கு இஸ்துகினு வந்துகீறியே நைனா. முன்னாலயே சொல்ல வேணாமா?”

“ஐய, அது சும்மாம்மா. யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஜுரத்துக்குப் பயந்துகினு அம்மா கட்டி வெச்சிருக்குது” என்றார் வீட்டுக்காரர்.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அம்மன் பேர சொல்லி யாராவது சும்மா கட்டுவாங்களா? எங்க ஜனங்களே அம்ம போட்டா வேப்பில கட்டி ஒதுங்கிகினு கீறோம். நீங்க சும்மா கட்டுவீங்களா?”

“சத்தியமாம்மா. என் கண்ணாண.”

“பொண்ணு வலியில கத்தும்போது எல்லா ஆம்பளயும்தான் சத்தியம் பண்ணுவான். நான் உள்ள வந்துட்டு நாளிக்கு வேற ஊட்ல பச்சக்கொழந்தய தொடணுமே. அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

அந்த அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வேறு மருத்துவச்சியைத் தேடலாம் என்றால் கரையான்சாவடியில் இருந்தவள் ஜுரத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். உள்ளே நாத்தனாரின் குரல் உயர்ந்துகொண்டே போனது.

மாமியார் ஓடி வந்தார். வாழ்நாளில் தெருவில் குரலை உயர்த்தாதவர், அன்று தெருவுக்கே கேட்கும்படி, நான் பொய் சொன்னேன், ஆத்தா பேரில் பொய் சொன்னேன், என் பெண்ணைக் காப்பாற்று என்று கையெடுத்துக் கும்பிட்டார். வேப்பிலையைப் பிய்க்கக் கையைத் தூக்கினார்.

“அத பிச்சிட்டா அம்ம போயிடுமா?” என்றார் மருத்துவச்சி அம்மா. அவர் குரலிலும் அழுகை இருந்தது. “உன் தலய பாரும்மா. எண்ண பட்டு எவ்ளோ நாளாச்சு. உன் புள்ள தாடிய பாரு. மருமவ தலயில பூ கீதா? பொய்யின்னா இப்டியா இருப்பீங்க?”

தூக்கின கையை மாமியார் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். நாங்கள் எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. செய்ததெல்லாம் இப்போது எங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க எனக்கே அம்மை போட்டு எழுந்தவர் மாதிரித்தான் இருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தால் கண்மண் தெரியாது. அன்று வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேப்பிலை மேல், பருப்பு மேல், அந்த மழை மேல், நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்த தரை மேல். விறுவிறுவென்று அடுக்களைக்குப் போனேன். வெந்நீர்த் தவலையை இறக்கிவைத்தேன். இரும்புச் சட்டியை அடுப்பில் போட்டு நல்லெண்ணெயைக் கவிழ்த்தேன். காய்ந்ததும் கடுகை அள்ளிக் கொட்டினேன்.

அது வெடித்த சத்தம் இருக்கிறதே, கோயில் வேட்டுக்கூட அத்தனை சந்தோஷமாகக் கேட்டதில்லை எனக்கு. மிளகாயைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். பெருங்காயத்தை உடைத்துப் போட்டேன்.

மாமியார் பதறிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார். இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. தெருப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

“மொளகா பத்தாது. இன்னும் ரெண்டு கிள்ளி போடு.”

சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு நடை வழியாகத் தெருவாசலுக்கே கொண்டுபோனேன். நெடி ஏறி எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வீட்டுக்காரர் இருமினார். மாடு தலையை உதறியது. மருத்துவச்சி அம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுக்கடுக்காகத் தும்மினார்.

தும்மி முடித்து என் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். அம்மை கண்ட வீட்டில் பெண்பிள்ளை எவளும் இதைச் செய்யத் துணிய மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். எந்தச் சத்தியத்தையும் நம்பாதவர் அந்தக் கடுகை நம்பினார்.

“அடப்பாவிங்களா, நெஜமாத்தான் சும்மா கட்டினீங்களா” என்றபடி படி ஏறினார். “வெந்நி காஞ்சுதா? அந்த கர்மத்த தூர வெச்சிட்டு வா பொண்ணே. புள்ளத்தாச்சிக்கு நெடி ஆவாது.”

அதற்கப்புறம் நடந்ததில் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. பிள்ளை திரும்பாமல் படுத்தியது. ஒரு கட்டத்தில் மருத்துவச்சி அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். பேசிக்கொண்டே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று மாமியாருக்குத் தெரிந்திருந்தது. அவர் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, சிக்குப்பிடித்த அவள் தலைமுடியை விரலால் கோதிக்கொண்டே இருந்தார். சாமி பேர் ஒன்றும் அவர் வாயில் வரவில்லை. கேட்பதற்கு முகம் இல்லை என்று நினைத்திருப்பார்.

வெயில் சாயும் நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை. மருத்துவச்சி அம்மா காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் ஒன்று வைத்ததும் வீல் என்று கத்தியது. வெளியே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் அதைக் கேட்டு ஓவென்று அழுத சத்தம் உள்ளே கேட்டது. நஞ்சுக்கொடி முழுசாக விழுந்துவிட்டது, ரத்தம் நின்றுவிட்டது, இனிமேல் பயமில்லை என்று மருத்துவச்சி அம்மா சொன்னார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாள் நான் அலுப்பு என்று நினைத்திருந்ததில் பாதிக்கு மேல் பயம் என்பது, அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. தோளில் சுமந்த மூட்டையைக் கீழே வைத்த பிறகு தோள் வலிக்குமே, அப்படி இருந்தது.

மாமியார் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சந்தேகத்தை மெதுவாகக் கேட்டார்.

“ஆத்தாவுக்கு எம்மேல கோவம் இருக்குமா?”

மருத்துவச்சி அம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். “எனக்கு உங்க சாமி பத்தி இன்னா தெரியும்? என்ன வாசல்லயே நிக்க வெச்சீங்க, நான் கோவிச்சுகினா போயிட்டேன்? சட்டிய காட்டினதும் உள்ள வர்ல?”

மாமியார் குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

வேப்பிலையை அவிழ்க்க என்னை அனுப்பினார். காற்று வரட்டும் என்று இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, நிலையில் இருந்த காய்ந்த கொத்தை அவிழ்த்தேன். திரும்பும்போது பார்த்தேன், எதிர்வீட்டு அம்மாள் எக்கி நின்றுகொண்டு தன் வீட்டு வேப்பிலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அதன் கன்னம் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுவென்று இருந்தது. ஒரு தழும்பு கிடையாது, ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. என்னைப் பார்த்ததும் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் விழித்தாள்.

“உங்க ஊட்ல தாளிச்சது இங்க வரிக்கும் வந்துது” என்றாள். “எங்க ஊட்டுக்காரரு, எனக்கும் அந்தமாரி வேணும்னு அடம் புடிக்கறாரு.”

நான் உள்ளே ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னேன். எதிர்வீட்டிலும் ஒருவருக்கும் ஒன்றும் இல்லையாம், அவர்களும் சும்மாதான் கட்டினார்களாம் என்றேன். மாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகம் சிவந்துபோனது.

“நான் அந்த கொழந்தைக்கோசரம் தெனம் வெளக்கேத்தி வேண்டிகினு கீறேன். சோறு எறங்காம கெடந்தேன். ஆத்தா பேர்ல பொய் சொல்லிகினு கீறாளே. இன்னா பொம்பள அவ?”

பாயில் துவண்டு கிடந்த நாத்தனாரிடமிருந்துதான் முதலில் சத்தம் வந்தது. வலியில் முனகுகிறாள் என்று நினைத்து மாமியார் பதறித் திரும்பினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தமே வெளியில் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“யம்மா, சிரிக்க வெக்காத. வயிறு வலிக்குது.”

மாமியார் அவளையே பார்த்தார். பூந்தமல்லிச் சாவுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் இறுகிப் போயிருந்தது என்னவோ, அது அப்போது விட்டுப்போனது. பேத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, மகளின் வயிற்றின் மேல் தன் கையை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டார்.

“சிரி” என்றார். “நான் புட்சுக்கறேன்.”